பன்னிரண்டாம் கேட்பு

அத்தியாயம் பதினேழு

மனித குலத்தின் வீழ்ச்சிக்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு: அறுபது வயதுக்கு முன்னால் சேமநிதியில் கை வைப்பது. பேரரசுகள் சரிந்தது, கப்பல்கள் மூழ்கியது, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் முடியை நீளமாக வளர்த்தது எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டே போனால், அடியில் யாரோ ஒருவர் அவசரப்பட்டு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இது பாட்டில் தொழிற்சாலையின் சேமநிதிப் பிரிவில், மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் தலைமை எழுத்தரின் கண்டுபிடிப்பு. இதை அவர் சிரிக்காமல் சொல்வார். கேட்கிறவர்களும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் படிவம் கைக்கு வர இன்னொரு வாரம் ஆகும். யாருடைய பணத்தையும் லேசில் வெளியே விடமாட்டார் என்பதால் தொழிற்சாலை அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவருக்குத் தெரியும். பிடித்தும் இருந்தது.

முன்கூட்டிப் பணம் கேட்டு வருகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. விதிப்புத்தகத்தில் இல்லாத, சொந்தத் தயாரிப்பு. ஒரு தாளில் இருபது கட்டம். அறுபதில் தொடங்கி கட்டத்துக்கு ஒரு வயது. கேட்ட தொகை கிழ வயதில் எத்தனை வருடச் சாப்பாடு என்று கணக்குப் போட்டு, அத்தனை கட்டத்தையும் வந்தவர் கையாலேயே சிவப்புப் பென்சிலால் அடிக்க வைப்பார். அறுபது போச்சு, அறுபத்தொன்று போச்சு, அந்த வருஷமெல்லாம் காற்றைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று வரிசையின் கடைசி ஆள் காதில் விழும்படி எண்ணுவார்.

இப்பேர்ப்பட்டவருக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு கிடைத்தது. அவருக்கு வேண்டாத வீடு.

தொடர்ந்து படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கலாம்; இது மற்றவர்களுக்காக. அப்பா அம்மா இருந்த வீடு காலியாகக் கிடந்தது. பங்குக்கு மூன்று பேர்: அண்ணன், பூட்டு, தங்கை. அண்ணனுக்கு வீடு வேண்டும், தங்கைக்குப் பணம் வேண்டும். பூட்டுக்கு இரண்டும் வேண்டாம். அண்ணன் அதை மலிவாக வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். காரணம், மூன்று மாதத்துக்கு முன் தங்கை வீட்டுக் கூடத்தில் அண்ணன் சொன்ன ஒரு வாக்கியம். "என் தம்பி வாழ்ந்து நான் பார்த்ததில்லை, சேர்த்துத்தான் பார்த்திருக்கேன்." கூடமே சிரித்தது. தங்கை வீட்டுக்காரர் இருமல் வரும்வரை சிரித்தார்.

இந்தக் குடும்பத்தில் எதையும் பேசித் தீர்ப்பது வழக்கமில்லை. சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தையே ஏலம் போட்டுத்தான் எடுத்தார்கள். வீட்டையும் அப்படியே. தங்கை நோட்டும் கையுமாக உட்கார, அண்ணன் கேட்டார், பூட்டு ஏற்றினார்; அண்ணன் கேட்டார், பூட்டு ஏற்றினார். பன்னிரண்டாவது முறை பூட்டு ஏற்றியதும் அண்ணன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சரி, நீயே வெச்சுக்க" என்றார்.

கார் நுழையாத சந்தின் கோடியில், ஒழுகுகிற கூரையோடு நிற்கும் அந்த வீட்டுக்கு வெளியே யாரும் அந்த விலையில் பாதிகூடத் தரமாட்டார்கள். பத்து நாளில் மற்ற இருவரின் பங்கையும் பூட்டு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வீடு அண்ணனுக்கு, அதுவும் அவர் முதலில் கேட்ட அடிமாட்டு விலைக்கு. அந்த நிபந்தனையைச் சொன்னதே பூட்டுதான். ஏலம் எடுத்தவன் பணம் கட்டாவிட்டால் வீடு மற்றவனுக்கு என்று, அண்ணனை மாட்டிவிடச் சொன்னது.

இன்று எட்டாம் நாள்.

காலையில் மனைவி அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது அவள் வேலை. வலியில் அழுகிறவர்களிடம் நாளை மறுநாள்தான் நேரம் இருக்கிறது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவள்; சுலபத்தில் அசைய மாட்டாள். வங்கியில் கடன் கேட்டதற்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். தன் வயதைக் கேட்டுவிட்டு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றார் பூட்டு.

"அப்போ விட்டுடுங்க. ஒரு நாள் அவமானம். தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்தா மறுநாள் தெரியாது."

"அண்ணன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களுக்குப் பல்லு நல்லா இருக்குன்னு அர்த்தம்." பித்தானை ஒட்டி நூலைக் கடித்து அறுத்தாள். "நான் இன்னும் நாலு வருஷம்தான் அந்தப் போனை எடுப்பேன். அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடப் போற காசு அது. உங்க காசு இல்லை, நம்ம காசு. படிவத்துல என் கையெழுத்தும் வேணும்ல? போட மாட்டேன். நீங்க கொண்டுவந்த சட்டம்தானே அது."

உண்மைதான். கணவன் எடுத்தால் மனைவியும், மனைவி எடுத்தால் கணவனும் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதி வாங்கியவர் அவர்தான். சேமநிதியைத் தொடுகிற எண்ணமே தனக்கு இல்லை என்றார். அவள் சட்டையை நீட்டினாள்.

தொடுகிற எண்ணம் இல்லாத மனிதர் அன்றைக்கு மூன்றாம் ஜன்னலில் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தார்.

முதலில் மாட்டியவர் சரக்கேற்றும் வண்டி ஓட்டுகிறவர். பாட்டில் பெட்டிகளை அடுக்காகத் தூக்கிப் போகும்போதுகூட ஒரு சத்தம் வராது. அவ்வளவு பதவிசான ஆள். காரணம் என்ற இடத்தில் வீட்டுப் பழுது என்று எழுதியிருந்தார். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். பூட்டு படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உங்க வீட்ல எத்தனை பேனா?"

"ஒண்ணுதான் சார்."

"கை எத்தனை?"

ஓட்டுநர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்க கையெழுத்தும் சம்சாரம் கையெழுத்தும் ஒரே பக்கமா சாயுதே, அதான் கேட்டேன்."

வரிசை சிரித்தது. ஓட்டுநரின் கழுத்து சிவந்தது. பூட்டு படிவத்தை இரண்டாக மடித்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். "திருடன்கூட அடுத்த வீட்டுக்குத்தான்யா போவான். கட்டினவளுக்குத் தெரியாம அவ கிழவியாகப் போற காலத்தை எடுத்து விக்கிறவனை என்னன்னு சொல்றது? போங்க."

ஓட்டுநர் போனார். அடுத்து நின்ற இரண்டு பேர் தங்கள் படிவங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவசரம் இல்லை என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, சும்மா பார்க்கலாமே என்று பூட்டு தன் கணக்கைப் போட்டார். முழுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அபராதமாகப் போகும். மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வரி. அப்புறம் கைக்கு வருவது இவ்வளவு. அண்ணனுக்கும் தங்கைக்கும் கொடுக்க வேண்டியது இவ்வளவு. கழித்தார்.

ஒரு ஜோடி செருப்பு வாங்கும் அளவுக்கு மிஞ்சியது. அதுவும் தள்ளுபடியில்.

திரும்பவும் கழித்தார். செருப்புதான். மூன்றாம் முறையும் செருப்புதான்.

சாப்பாட்டு டப்பாவை மூடினார். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கணக்கில் யாராவது கை வைத்திருப்பார்கள் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். தன் நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பது யார் யாருக்குத் தெரியும் என்று யோசித்தார். எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் வெயில் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி, குடும்பம் கூடும் இடமெல்லாம் அவர் அந்தத் தொகையைப் பற்றிப் பேசுவார். ஆனால் அபராதமும் வரியுமாக வெட்டு போக எவ்வளவு வரும் என்பது? அது இதே ஜன்னலில் ஏற்கனவே வெட்டுப்பட்டவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு மணி நேர அனுமதி எழுதி வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்.

முன்னறையில் அண்ணி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் நாற்பது சட்டைகள் கையில்லாமல் காத்திருந்தன. இவரைப் பார்த்தும் அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"வாங்க தம்பி. நேத்தே வருவீங்கன்னு பார்த்தேன்."

உட்காரச் சொல்லவில்லை. பூட்டு நின்றுகொண்டே கேட்டார், அண்ணன் எதற்காகப் பன்னிரண்டாவதில் நிறுத்தினார் என்று.

"பதினொண்ணுல நிறுத்தியிருந்தா உங்களுக்குக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பதிமூணுக்குப் போயிருந்தா உங்களால முடியாமப் போயிருக்கும். முடியலைன்னா நீங்க தப்பிச்சுடுவீங்களே." ஒரு சட்டைக்குக் கை வைத்து முடித்தாள். "முடியணும். ஆனா எல்லாம் போகணும். அதான் பன்னெண்டு."

கணக்குப் போட்டது அண்ணன் இல்லை, அண்ணி. அண்ணன் ஆறாவதிலேயே விட்டுவிடுகிறேன் என்று வீட்டுக்குள் முனகியிருக்கிறார். கூடப் பிறந்தவனை ஏன் இழுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பன்னிரண்டு வருவதற்குள் விட்டுக்கொடுத்தால் இந்த வீட்டில் சோறு கிடையாது என்று அண்ணி சொல்லி அனுப்பியிருக்கிறாள். பூட்டு ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் ஏற்றுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமாக அவர் எதில்தான் மாறியிருக்கிறார்?

"அவ்வளவு கோபமா அண்ணி?"

இப்போதுதான் மெஷின் நின்றது.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி உங்க ஜன்னல்ல உங்க அண்ணன் நின்னார். நான் இடுப்புல பெல்ட் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். மறுநாள் காலையில எனக்கு முதுகுல ஆபரேஷன். வைத்தியத்துக்கு எடுத்தா வெட்டு கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டுல டாக்டர் கையெழுத்து இருந்துச்சு, சீல் இல்லை. சீல் இல்லாட்டி வைத்தியம் இல்லை, சொந்தச் செலவுன்னீங்க. அஞ்சுல ஒண்ணு வெட்டினீங்க."

"அது விதி அண்ணி. அண்ணன்னு பார்த்து நான்..."

"அதோட விட்டீங்களா? கையில பென்சிலைக் கொடுத்து, ஏழு கட்டம் அடிக்கச் சொல்லி, கூட வேலை பார்க்கிற இருபது பேர் முன்னாடி எண்ண வெச்சீங்க. அண்ணனுக்கே இப்படின்னா மத்தவங்க பயப்படுவாங்கன்னு உங்களுக்குப் பெருமை. வெளிய வந்ததும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என்னாலதான் அவர் வயசு குறைஞ்சுபோச்சுன்னு நான் நினைச்சுடுவேனோன்னு அவருக்குப் பயம்." அவள் குரல் ஏறவில்லை, துணிக்கு அளவு சொல்கிற குரல்தான். "அவருக்கு இப்ப அறுபத்துமூணு. நீங்க அடிக்கச் சொன்ன வயசுக்குள்ளதான் ரெண்டு பேரும் இருக்கோம். காத்தைக் குடிக்கலை. தைச்சுச் சாப்பிடறோம்."

பூட்டுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வரிசை அன்றைக்கு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று பலமுறை பலரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அண்ணி பெல்ட் கட்டியிருந்தது மட்டும் நினைவில் இல்லை.

அண்ணி உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். தன்னிடம்கூட வேண்டாம். சொன்னால் இப்போதே தங்கைக்குப் போன் போட்டு ஏலத்தை அடித்துவிடச் சொல்வாள். வீட்டை முதலிலிருந்து பேசிக்கொள்ளலாம். பூட்டின் பணம் பூட்டிடமே இருக்கும்.

"சொல்லாட்டி?"

"பத்தாம் நாள் பணத்தைக் கொண்டு வாங்க. இல்லாட்டி வீடு முதல் விலைக்கு எங்களுக்கு. எனக்கு எதுவானாலும் சரி தம்பி."

உள்ளறையில் அண்ணன் மின்விசிறி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே மலரக்கூடாதோ என்று சந்தேகம் வந்து, பாதியில் நின்றது. முக்காலியின் மேல் கிடந்த மோட்டாரை எடுத்துத் தரையில் வைத்தார். உட்காரு என்று அர்த்தம்.

பூட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அண்ணனின் கைவிரல்களில் வார்னிஷ் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அதிகம் ஒன்றும் இல்லை. 'அண்ணே' என்று தொடங்கினால் மீதி தானாக வந்திருக்கும்.

அண்ணன் முந்திக்கொண்டார்.

"பணம் புரட்டறது கஷ்டமா இருந்தா விட்டுடுடா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிரியமாகவே சிரித்தார். "சேர்த்து வெச்சதைத் தொடறதுன்னா உனக்கு உயிர் போயிடும்னு எனக்குத் தெரியாதா?"

தங்கை வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு. இதில் விஷம் ஒரு சொட்டும் இல்லை. விஷமாக இருந்திருந்தால் பூட்டு தாங்கிக்கொண்டிருப்பார். திட்டியிருந்தால் திரும்பத் திட்டிவிட்டு அந்தச் சூட்டிலேயே மன்னிப்பும் கேட்டிருக்கலாம். அண்ணன் பரிதாபப்பட்டார். தொண்டையில் நின்ற வார்த்தை வந்த வழியே இறங்கிப் போனது.

"பத்தாம் நாள் பணம் வந்துடும்" என்றார் பூட்டு, எழுந்துகொண்டே.

முன்னறையைக் கடக்கும்போது அண்ணி அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் தெருமுனை திரும்பும்வரை தையல் மெஷின் ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டது.

அவர் சீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குத் தபால் பை போகும்; அதைத் தவறவிட்டால் பத்தாம் நாளுக்குள் பணம் வராது. ஜன்னல் கதவைத் திறக்கவில்லை. மேசை டிராயரிலிருந்து படிவத்தை எடுத்தார். கட்டத் தாளை எடுக்கவில்லை. இருபது கட்டத்தையும் அடிப்பதென்றால் பென்சில் வீண்.

பெயர், எண், சேர்ந்த தேதி, ஓய்வு பெற மீதமுள்ள காலம். முத்து முத்தாக எழுதினார். காரணம் என்ற இடத்தில் வீட்டுப் பழுது என்று எழுதினார். வீட்டைப் பொறுத்தவரை அது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்த இடத்தில் பேனா நின்றது. போனை எடுத்து மனைவியின் மருத்துவமனைக்கு அடித்தார்.

"வணக்கம், சொல்லுங்க" என்றாள். வேலையில் அவள் குரல் இவ்வளவு மென்மையாக இருக்கும் என்பது அவருக்கு மறந்து போயிருந்தது. அவர் பேசவில்லை.

"ஹலோ. பேச முடியலையா? வீங்கியிருக்கா? எந்தப் பக்கம் வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

பூட்டு போனை வைத்தார்.

கணவன் அல்லது மனைவியின் பகல்நேரத் தொலைபேசி எண் என்று ஒரு வரி இருந்தது. இப்போதுதான் அடித்த எண். பழக்கத்தில் கை அதையே சரியாக எழுதிவிட்டது. பத்துப் படிவத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தலைமை அலுவலகம் அந்த எண்ணுக்குப் போன் போட்டு, சம்மதம்தானா என்று கேட்கும். எழுதிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அடித்துத் திருத்திய படிவம் செல்லாது. மணி நாலை நெருங்கியிருந்தது, புதுப் படிவம் எழுத நேரமில்லை.

எழுந்து போய் வாசல் காவலரிடம், தன்னுடையது எழுதவில்லை என்று சொல்லி, ஒரு பேனா இரவல் வாங்கி வந்தார். அவருடைய பேனா கறுப்பு. இது நீலம்.

கதவு உள்பக்கம் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பல்வலிக்காரர்களுக்கு அட்டையில் தேதி எழுதி எழுதி மனைவியின் எழுத்து நெருக்கமாக, இடப்பக்கம் சாய்ந்து போயிருந்தது. அவர் தாளைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், அவள் பெயரை அந்தச் சாய்வோடு எழுதினார்.